பெற்றவர் பெயரும் வளர்த்தவர் கையும்: யாழ்ப்பாணத்து வளர்ப்புப் பிள்ளைகள் பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு

பேச்சிலே 'தின்னவேலி' என்று வழங்கும் திருநெல்வேலி, யாழ்ப்பாண நகரிலிருந்து பலாலி வீதியால் போனால் சற்றுத் தூரத்தில் வந்துவிடும். தாமிரபரணிக் கரையிலுள்ள திருநெல்வேலியோடு இதை மயங்கவேண்டாம். ஊரின் பெயரைச் சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது மரக்கறிச் சந்தை. அடுத்தது, சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் தொடங்கிய பரமேசுவராக் கல்லூரியும், அதே வளவில் 1974இல் எழுந்த பல்கலைக்கழகமும். இதே ஊரில்தான் சைவ வித்தியா விருத்திச் சங்கம் பெற்றோரற்ற சைவப் பிள்ளைகளுக்கென ஓர் இல்லத்தையும் அமைத்து நடத்தியது. சந்தைக்கு வந்து போகும் ஆக்களில் எத்தனை பேர் அதைப் பற்றி யோசித்திருப்பினம் தெரியாது.

ஒரு முஸ்லிம் ஆய்விதழில் சைவ இல்லமொன்றைப் பற்றிப் பேச்செடுப்பது ஏன் என்று வாசகர் கேட்கலாம். பிறர் பெற்ற பிள்ளையை வளர்க்கும்போது வளர்ப்பவரின் ஈமான் அந்தப் பிள்ளைக்கு என்ன செய்கிறது? இந்தக் கேள்வியைக் கேட்க யாழ்ப்பாணத்தைப்போல வசதியான இடம் குறைவு. இங்கே மிசனரிமார் பிள்ளைகளை வளர்த்தார்கள். சைவர் வளர்த்தார்கள். நாங்களும் வளர்த்தோம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கட பொறுப்பு என்ன என்பது தெளிவாகும் என்பது என் எண்ணம்.

மஞ்சள் தண்ணீர்

பழைய யாழ்ப்பாணத்து வழக்கத்திலிருந்து தொடங்குவோம். ஒல்லாந்தர் காலத்தில் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்துக் கொடுத்த தேசவழமை, பிள்ளை வளர்ப்பையும் பேசுகிறது. பிள்ளையில்லாதவர் மற்றவரின் பிள்ளையைச் சுவீகாரம் எடுக்க விரும்பினால் உறவினரின் சம்மதம் வேண்டும். சாட்சிகள் முன்னிலையில் மஞ்சள் தண்ணீர் குடிக்கும் சடங்கு நடக்கவேண்டும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை வளர்த்தவரின் வாரிசு. பெற்றவர் சொத்தில் அதற்கிருந்த உரிமை போய்விடும். ஒரு மிடறு தண்ணீரோடு ஒரு வம்சத்திலிருந்து இன்னொரு வம்சத்துக்குப் பிள்ளை மாறிவிடுகிறது.

அதே தேசவழமையில் இன்னொரு விதியும் இருக்கிறது. தாய் இறந்து தகப்பன் மறுமணம் செய்ய நினைத்தால், பிள்ளைகளைப் பேரனோ பேத்தியோ நெருங்கிய உறவினரோ பொறுப்பெடுத்து வளர்ப்பது வழமை. அப்போது தகப்பன் இறந்த மனைவியின் சீதனம் முழுவதையும், அவளோடு வாழ்ந்த காலத்தில் தேடிய தேட்டத்தில் பாதியையும் பிள்ளைகளோடு சேர்த்துக் கொடுத்துவிடவேண்டும். சட்டம் வயிற்றை மட்டும் பார்க்கவில்லை. பிள்ளையின் பங்கையும் பார்த்தது. தாய்வழிப் பேத்தியின் வீடுதான் யாழ்ப்பாணத்தின் முதல் பராமரிப்பு இல்லம் என்று சொன்னாலும் பிழையில்லை.

தேசவழமை எங்கட சமூகத்துக்குரிய சட்டமன்று. ஆனால் உம்மா மௌத்தானால் பிள்ளையள் உம்மம்மா வீட்டுக்குப் போவது சோனகத் தெருவிலும் கண்ட நடைமுறைதான். சட்டம் வேறு, வாழ்ந்த மண் ஒன்று.

எவாட்ஸ் என்ற பெயர்

1816இல் அமெரிக்க மிசன் யாழ்ப்பாணத்தில் தெல்லிப்பளையில் வேலையைத் தொடங்கியது. 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி, 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலை. பிள்ளைகளை வீட்டிலிருந்து எடுத்து விடுதியில் வைத்து, உண்ணவும் உடுக்கவும் கொடுத்துப் படிப்பித்தார்கள். செலவை ஏற்ற அமெரிக்க நன்கொடையாளர் தாம் விரும்பிய பெயரைப் பிள்ளைக்குச் சூட்டலாம் என்பது அக்கால மிசன் வழக்கம்.

தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் புதியன அல்ல. பாவலர் சரித்திர தீபகம் எழுதிய சதாசிவம்பிள்ளைக்கு ஆர்னல்ட் என்று பெயர். சி.வை. தாமோதரம்பிள்ளையோடு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரியானவர் கறோல் விசுவநாதபிள்ளை. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, அளவெட்டியில் எவாட்ஸ் கனகசபைப் புலவர் என்று பட்டியல் நீளும். பல்கலைக்கழகத்தில் இவர்களைப் படித்த காலத்தில், இது என்ன கலப்புப் பெயர் என்று நாங்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவோம். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கணக்குப் புத்தகம் இருந்தது என்பது பிறகுதான் விளங்கும்.

எவாட்ஸ் யார்? ஜெரமையா எவாட்ஸ், யாழ்ப்பாணத்துக்கு மிசனரிமாரை அனுப்பிய அமெரிக்கச் சங்கத்தின் செயலாளர். 1810இல் தொடங்கிய அந்தச் சங்கம் யாழ்ப்பாணத்துக்கு ஆள் அனுப்பிய அதே காலத்தில், 1817இல், அமெரிக்காவின் பூர்வகுடிகளான செரோக்கி மக்களிடையே பிரெய்னேட் என்ற இடத்தில் ஒரு மிசனைத் திறந்தது. அங்கேயும் விடுதிப் பாடசாலை, அங்கேயும் நன்கொடையாளர் பெயர். கனெக்டிகட் மாநிலத்துக் கோர்ன்வோல் ஊரில் அந்தச் சங்கம் நடத்திய பாடசாலைக்குப் போன கல்லகீனா என்ற செரோக்கி இளைஞர், இலாயஸ் பூதினொட் என்ற அமெரிக்கப் பெரியவரின் பெயரை ஏற்று அந்தப் பெயராலேயே வரலாற்றில் நின்றுவிட்டார். 1828இல் தொடங்கிய செரோக்கி மக்களின் முதற் பத்திரிகைக்கு அவரே ஆசிரியர். அளவெட்டிப் புலவரும் அமெரிக்கக் காட்டோரத்துப் பத்திரிகாசிரியரும், ஒருவரையொருவர் அறியாமலே, ஒரே ஏற்பாட்டின் பிள்ளைகள்.

இங்கே நீதியோடு பேசவேண்டும். யாழ்ப்பாணத்தில் அரசாங்கம் பொலிஸை அனுப்பிப் பிள்ளைகளைப் பறிக்கவில்லை. பெற்றோர் வறுமைக்காகவோ ஆங்கிலத்துக்காகவோ தாமாகவே அனுப்பினார்கள். அந்த விடுதிகளால் தமிழுக்குக் கிடைத்த நன்மை பெரிது. எவாட்ஸும் கொடியவரல்லர். செரோக்கி மக்களைச் சொந்த நிலத்திலிருந்து பெயர்க்க 1830இல் அமெரிக்கா சட்டம் கொண்டுவந்தபோது அதை எதிர்த்துக் கடுமையாக எழுதியவர் அவர். மறுவருடமே இறந்துபோனார். ஆனால் நிலத்தைக் காப்பாற்ற நினைத்த அந்த நல்ல மனிதரின் சங்கத்துக்கு, பிள்ளையின் பெயரும் அதே மாதிரி ஒரு நிலந்தான் என்பது தோன்றவில்லை. நல்ல எண்ணம் உள்ளவர்தான் இந்தப் பிழையை மிக எளிதில் செய்கிறார். தன் மார்க்கம் உண்மை என்ற உறுதி, பிள்ளை தன்னுடையது என்ற எண்ணமாக மாறுவதற்கு அதிக காலம் எடுப்பதில்லை.

வட அமெரிக்காவில் அந்த எண்ணம் பிறகு எங்கே போய் முடிந்தது என்பதைக் கனடாவில் உறவுகள் உள்ள வாசகர்கள் அறிவார்கள். ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகள் அங்கே வதிவிடப் பாடசாலைகளில் வைக்கப்பட்டார்கள். முடி வெட்டப்பட்டது, தாய்மொழி தடுக்கப்பட்டது. அந்த மக்களின் சடங்குகளில் சிலவற்றை 1880களில் சட்டமே தடைசெய்து, 1951வரை அந்தத் தடை இருந்தது. 1960களில் பாடசாலைகளின் இடத்தைச் சமூகநலத் திணைக்களங்கள் பிடித்தன. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வெள்ளையர் வீடுகளுக்கு வளர்க்கக் கொடுக்கப்பட்டார்கள். 2008இல் கனடாப் பிரதமர் பாராளுமன்றத்தில் வதிவிடப் பாடசாலைகளுக்காக மன்னிப்புக் கேட்டார். அதே வருடம் அவுஸ்திரேலியாவிலும் பறித்தெடுக்கப்பட்ட தலைமுறையினரிடம் மன்னிப்புக் கேட்கப்பட்டது.

இன்று அங்கே பூர்வகுடிக் குடும்பங்களே தம் இனத்துப் பிள்ளைகளைப் பொறுப்பெடுத்து வளர்க்க வேண்டும் என்பது சட்டத்திலும் ஏறியிருக்கிறது. அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் சொல்கிறது. கனடாவில் 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் சொல்கிறது. அப்படி வளர்க்கும் பெற்றோரிடத்தில் ஆன்மிகம் என்பது ஞாயிற்றுக்கிழமை அலுவல் அல்ல. மூலிகையைப் புகைத்து மனதைச் சுத்தமாக்கும் வழக்கம், வியர்வைக் குடில், மூத்தோரின் புத்திமதி, பிள்ளைக்கு அதன் மொழியில் பெயர் சூட்டுதல் என்று அது அன்றாட வளர்ப்புக்குள் கலந்திருக்கிறது. அவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு, இரண்டையும் சேர்த்து வைத்திருப்பவர்களும் உண்டு. ஆனால் பல இனத்தவரிடமும் கேட்கும் பேச்சு ஒன்று: பிள்ளை படைத்தவன் தந்த கொடை, வளர்ப்பவர் அதற்குக் காவல் மட்டும். எங்கட வாயில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. அமானிதம்.

தின்னவேலி இல்லம்

யாழ்ப்பாணத்தில் மிசன் விடுதிகளுக்கு எதிர்வினை வந்தது. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். சைவப் பிள்ளை எழுத்துக்காகச் சமயத்தை விற்கவேண்டிய நிலை வரக்கூடாது என்பது அவர் வாதம். அந்த வாதம் முழு அமைப்பாக மாற முக்கால் நூற்றாண்டு எடுத்தது. 1923இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் உருவானது. 'இந்து போர்ட்' இராசரத்தினம் என்று ஊர் அழைத்த சு. இராசரத்தினம் அதன் உயிர்நாடி. கிராமங்கள்தோறும் பாடசாலைகள், அவற்றுக்கு ஆசிரியர்களைத் தர திருநெல்வேலியில் சைவாசிரிய கலாசாலை. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அங்கே நீண்டகாலம் தமிழ் படிப்பித்தார். பாடசாலைக்கு வந்து திரும்ப ஒரு வீடில்லாத பிள்ளைக்கு, அதே ஊரில் அநாதை இல்லம்.

பாடசாலையையும் கலாசாலையையும் கட்டியவர்கள் ஏன் அநாதை இல்லத்தையும் கட்டினார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். பெற்றோர் உள்ள பிள்ளை மிசன் பள்ளிக்குப் போனாலும் இரவிலே வீட்டுக்கு வந்துவிடும். அங்கே தாய் திருநீறு பூசுவாள், பேத்தி கதை சொல்லுவாள். பெற்றோரற்ற பிள்ளைக்குச் சோறு போடுகிறவர்தான் எல்லாம். அதனால்தான் அந்தப் பிள்ளையே முதலில் மாறும். இதைக் கண்டுகொண்டது இராசரத்தினத்தின் கூர்மை. 1960இல் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைக் கையேற்கச் சட்டம் கொண்டுவந்தபோது சங்கத்தின் பாடசாலைகள் கைமாறின. பாடசாலையை அரசாங்கம் நடத்தலாம். தாயில்லாப் பிள்ளைக்கு இரவுச் சோறு பிசைந்து கொடுக்கும் வேலையை எந்தத் திணைக்களமும் அப்படிக் கையேற்க முடியாது.

எங்கட பெரியவர்களில் ஒருவரை இந்த இடத்தில் நினைக்கவேண்டும். 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ், வைத்தீசுவர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தவர். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். பின்னாளில் கொழும்பு ஸாஹிறாக் கல்லூரி அதிபர். சைவர் கட்டிய பள்ளியில் படித்தும் முஸ்லிமாகவே வளர்ந்தார், ஏனென்றால் அவர் இரவில் திரும்பிப் போக ஒரு முஸ்லிம் வீடு இருந்தது. 1945இல் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியத்தைத் தொடங்கியபோது, ஏழைப் பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்கும் வழி அதிலே திறந்தது. பிள்ளையை வீட்டைவிட்டு எடுக்காமல், பெயரை மாற்றாமல் செய்யக்கூடிய உதவி அது. நிதியத்தின் வரலாற்றைப் படிக்கும்போது இந்தக் கோணத்தையும் சேர்த்துப் படிக்கலாம்.

ஸைத் (ரலி) அவர்களின் பெயர்

இனி எங்கட மூலத்துக்கு வருவோம். நபி (ஸல்) அவர்களே எத்தீம். பிறக்குமுன் தகப்பன் இல்லை, ஆறு வயதில் தாய் இல்லை, எட்டு வயதில் பாட்டனார் அப்துல் முத்தலிபும் இல்லை. பால் கொடுத்தவர் பனூ ஸஃது கோத்திரத்து ஹலீமா. வளர்த்து ஆளாக்கியவர் பெரிய தகப்பன் அபூதாலிப். 'அள்ளுஹா' சூரா இந்த அநாதைக் காலத்தை நினைவூட்டிவிட்டுத்தான் எத்தீமை அடக்கி ஒடுக்காதே என்று கட்டளை இடுகிறது.

அபூதாலிபின் விஷயத்தில் நாங்கள் அதிகம் பேசாத ஒன்று உண்டு. வளர்த்தவரும் வளர்ந்தவரும் ஒரே மார்க்கத்தில் நிற்கவில்லை. ஆனாலும் குறைஷியர் ஊர்விலக்குச் செய்த சுமார் மூன்று வருடமும் அந்த முதியவர் பட்டினியைப் பங்குபோட்டுக் கொண்டாரே தவிர, பிள்ளையைக் கைவிடவில்லை. என் வழிக்கு வந்தால்தான் காவல் என்று நிபந்தனை போடவில்லை.

அடுத்தது ஸைத் இப்னு ஹாரிஸா (ரலி). சிறுவயதில் பிடிக்கப்பட்டு அடிமையாக விற்கப்பட்டவர். கதீஜா (ரலி) அவரை நபியவர்களுக்குக் கொடுத்தார்கள். தகப்பன் ஹாரிஸா தேடிக்கொண்டு மக்காவுக்கு வந்து மீட்புப் பணம் தரத் தயாராக நின்றபோது, நபியவர்கள் பணம் கேட்கவில்லை. முடிவைப் பிள்ளையிடம் விட்டார்கள். ஸைத் நபியவர்களையே தேர்ந்தார். அதன்பின் அவர் 'ஸைத் இப்னு முஹம்மத்' என்றே அழைக்கப்பட்டார். அரபிகளின் வழக்கில் அது மஞ்சள் தண்ணீர் குடித்தது போலத்தான்.

பின்னர் 'அல் அஹ்ஸாப்' சூராவின் ஐந்தாம் வசனம் இறங்கியது. வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களுடைய சொந்தத் தகப்பன்மாரின் பெயரால் அழைக்கவேண்டும், தகப்பன் யாரென்று தெரியாவிட்டால் அவர்கள் உங்கள் மார்க்கச் சகோதரர்கள் என்பது அதன் கருத்து. ஸைத் மீண்டும் இப்னு ஹாரிஸா ஆனார். உலகத்திலேயே மிக உயர்ந்த பெயர் ஒரு பிள்ளையிடமிருந்து திரும்ப எடுக்கப்பட்டது. அன்பு எடுக்கப்படவில்லை. ஸஹாபாக்களில் பெயர் சொல்லிக் குர்ஆனில் குறிப்பிடப்பட்டவர் அவர் ஒருவரே. ஹிஜ்ரி எட்டில் மூத்தா யுத்தத்துக்குப் போன படைக்கு அவரையே நபியவர்கள் தளபதியாக்கினார்கள். அங்கே அவர் ஷஹீதானார்.

அமெரிக்க நன்கொடையாளர் தன் பெயரைக் கொடுத்து உறவை எழுதினார். இஸ்லாம் வளர்த்தவரின் பெயரை எடுத்துவிட்டு உறவை வைத்துக்கொண்டது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் வளர்ப்பவரின் ஆன்மிகம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். பிள்ளையை ஊட்டி வளர்த்தபிறகும் 'இது என்னுடையது' என்று சொல்லாமல் நாவை அடக்கவைப்பதுதான் ஈமானின் வேலை. எத்தீமைப் பொறுப்பேற்றவர் சுவனத்தில் என்னோடு இரு விரல்போல இருப்பார் என்ற கருத்திலுள்ள ஹதீஸை நாங்கள் மேடைகளில் அடிக்கடி சொல்கிறோம். அந்தக் கூலி பிள்ளையிடமிருந்து வராது, அல்லாஹ்விடமிருந்து வரும் என்பதையும் அது சேர்த்தே சொல்கிறது.

எங்கட வீடுகளில்

1990 ஒக்டோபர் முடிவில் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, யாழ் நகரத்தில் எங்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். புத்தளத்து, கற்பிட்டி முகாம்களில் பாய் விரித்த இடத்திலேயே மற்றவரின் பிள்ளைக்கும் பாய் விரித்தார்கள். 2004 டிசம்பரில் சுனாமி கிழக்கில் எத்தனையோ பிள்ளைகளைப் பெற்றோரற்றவர்களாக்கியது. அதற்கென 2005இல் வந்த விசேட ஏற்பாடுகள் சட்டம் வளர்ப்புப் பெற்றோர் ஏற்பாட்டை இடம்பெறச் செய்தது. மாகொலை முஸ்லிம் அநாதை நிலையம் போன்றவை பல தசாப்தங்களாகச் செய்துவரும் சேவையும் பெரிது.

ஆனால் இல்லங்களுக்கு ஸகாத்தும் ஸதக்காவும் கொடுப்பதோடு எங்கட கடமை முடிந்துவிட்டது என்ற எண்ணம் வளர்ந்திருக்கிறது. பிள்ளையைச் சொந்த வீட்டில் வளர்க்க முன்வரும் சிலரோ, அன்பின் மிகுதியால், பிள்ளையின் தகப்பன் பெயரை மறைத்துத் தங்கள் பெயரைப் பதிந்துவிடப் பார்க்கிறார்கள். பாடசாலை இடாப்பில் பெயர் எழுதும் வேலையில் இருப்பவர்களுக்கு இது தெரியும். பதினைந்து வயதில் அடையாள அட்டைக்கு எழுதும்போதோ, நிக்காஹ் பேசும்போதோ உண்மை வெளியே வரும். அந்த நாளில் பிள்ளைக்கு இரண்டு வீடுகள் ஒரே நேரத்தில் இடிந்து விழுகின்றன.

1941ஆம் ஆண்டின் தத்தெடுத்தல் கட்டளைச் சட்டம் தத்தெடுத்தவரைப் பெற்றவரின் இடத்திலேயே வைக்கிறது. ஷரீஅத் அப்படி வைப்பதில்லை. இதைக் காட்டி 'எங்களுக்குத் தத்தெடுக்க ஏலாது' என்று சிலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்கவேண்டிய தேவை இல்லை. கஃபாலா என்ற பொறுப்பேற்றல் இருக்கிறது. ஐக்கிய நாடுகளின் 1989ஆம் ஆண்டுச் சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 20ஆம் உறுப்புரை அதைப் பெயர் சொல்லியே ஏற்றிருக்கிறது. அதே உறுப்புரை, பிள்ளையின் இனம், சமயம், பண்பாடு, மொழி ஆகியவற்றின் தொடர்ச்சியைக் கருத்திற்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. கனடாவின் பூர்வகுடிகள் கேட்டதும் தின்னவேலியில் இராசரத்தினம் கேட்டதும் அதுதான்.

மஹ்ரம் பிரச்சினைக்கு வழி உண்டு. எங்கட ஷாபிஈ மத்ஹபின்படி இரண்டு வயதுக்குள் ஐந்து தடவை பாலூட்டினால் பால்குடி உறவு உண்டாகும். பெரிய பிள்ளைகளுக்கு, ஏற்கெனவே மஹ்ரமான மாமி, மாமா, உம்மம்மா வீடுகளுக்கு ஜமாஅத் மாதாந்தம் உதவி கொடுக்கலாம். வாரிசுரிமை இல்லையே என்பதற்கும் வழி உண்டு. சொத்தில் மூன்றிலொரு பங்குவரை வஸிய்யத் எழுதலாம். பிள்ளைக்குச் சொந்தத் தகப்பன் வழியில் வருகிற பங்கை, பருவம் வந்ததும் சாட்சிகள் முன்னால் ஒப்படைக்கவேண்டும் என்பது 'அந்நிஸா' சூராவின் கட்டளை. தேசவழமைக் காலத்துத் தகப்பன் சீதனத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுத்தாரே, அதைவிட நாங்கள் குறைந்துபோகக் கூடாது.

இன்னொன்று. போரோ வெள்ளமோ வந்த ஒரு நாளில் ஒரு தமிழ்ப் பிள்ளை எங்கட வாசலில் நிற்கக்கூடும். ஹலாலான சோறும் உறங்க ஒரு பாயும் கொடுப்போம். அதற்கு மேலே அந்தப் பிள்ளையின் பெயரை நாங்கள் தொடலாமா? தின்னவேலிக்காரர் தங்கள் பிள்ளைகளுக்காகப் பயந்தது எதற்கோ, அதை நாங்கள் அவர்களுடைய பிள்ளைக்குச் செய்யலாமா? எங்கட பிள்ளை அவர்கள் வாசலில் நின்றால் எதை எதிர்பார்ப்போமோ அதையே செய்யவேண்டும். அபூதாலிப் நிபந்தனை போடாமல் காத்த பிள்ளையின் உம்மத் நாங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஒரு கொப்பியை எடுத்து, மஹல்லாவில் பிறர் வீட்டில் வளரும் பிள்ளைகளின் பெயர், தகப்பன் பெயர், உரிய சொத்து, வளர்ப்பவர் என்று நான்கு நிரலில் எழுதத் தொடங்கினாலே போதும். தகப்பன் பெயர் தெரியாத இடத்தில் 'மார்க்கச் சகோதரர்' என்று எழுதலாம். அதற்கு அனுமதி குர்ஆனிலேயே இருக்கிறது.